பிள்ளைப்பேற்றுக்கு நெடுந்தீவில ஒப்பரேஷன் தியேட்டர் வேணுமோ, யாழ்ப்பாணத்தில ஒரு அறை வேணுமோ?

பெருக்கமரம்:
வணக்கம் உறவுகள். நான் நெடுந்தீவு, இப்ப கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். தம்பியின்ர மனுசிக்கு இது ரெண்டாவது பிள்ளை. நாள் குறிச்சிருக்கிறது கார்த்திகைக் கடைசி. வாடைக்காத்து தொடங்கிக் கடல் கொந்தளிக்கிற நேரம். மூத்தவன் பிறந்தது சித்திரையில, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது, அதால ஒருத்தரும் ஒண்டும் யோசிக்கேல்ல. நேற்று வீடியோவில கதைக்கேக்க அம்மா சொல்லுறா, "பேற்றுக் குத்து எடுத்தாப் பிறகு பாப்பம், நேவிக்காரர் ஏத்திக்கொண்டு போவினம்தானே" எண்டு. எனக்கு நித்திரை போட்டுது.

ரெண்டாவது விசயம். இங்க எங்கட ஊர்ச் சங்கத்தில கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு. தீவு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஒப்பரேஷன் தியேட்டர் கட்டிக் குடுப்பம் எண்டு அரைவாசிப் பேர் நிக்கினம். மற்ற அரைவாசி கோயில் கோபுரத்துக்குக் கேக்குது, அதை விடுங்கோ. தியேட்டர் சரிவருமோ? வைத்தியத் துறையில இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

சோளகம்:
கேள்வியே தேவையில்லை. கட்டுங்கோ. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம் கடல், அங்கயிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு இன்னொரு மணித்தியாலம் ரோட்டு. கடல் கெட்டால் வள்ளமே விடமாட்டினம். யாழ்ப்பாணத்தில இருக்கிறவளுக்கு நடந்து போற தூரத்தில தியேட்டர். எங்கட பெட்டையள் மட்டும் ஏன் வயித்தைத் தூக்கிக்கொண்டு கடல் கடக்கவேணும்? நாலாயிரம் சனம் மனுசர் இல்லையோ?

கிளினிக் அக்கா:
தம்பி பெருக்கமரம், நான் குடும்பநல உத்தியோகத்தராய் (மருத்துவிச்சியாய்) இருந்து இளைப்பாறினனான். தீவுப் பகுதியிலயும் சில வருசம் வேலை செய்தனான். முதல் மச்சாளின்ர விசயத்தைப் பாப்பம், தியேட்டர் பிறகு.

அவவின்ர கர்ப்பிணி அட்டையை (எச் 512) படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. இங்க போடவேண்டாம், நீங்கள் மட்டும் பாருங்கோ. நாலு விசயம் பாக்கோணும். இரத்த வகை என்ன, நெகட்டிவோ. ஈமோகுளோபின் 11க்குக் கீழயோ. பிரஷர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு எழுதியிருக்கு. முதல் பிள்ளை சிசேரியனோ, அதுக்குப் பிறகு கனக்க இரத்தம் போனதோ.

ஈமோகுளோபின் குறைவெண்டால் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோட விழுங்கிறாவோ எண்டு கேளுங்கோ. நூறு பேரைக் கேட்டால் அறுபது பேர் அப்பிடித்தான் செய்வினம். கிளினிக்கில தாற குளிசை குடுத்த கணக்கில ஏறும், உடம்பில ஏறாது. தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் நடுவில ரெண்டு மணித்தியாலம் விடச் சொல்லுங்கோ. நெல்லிக்காயோ தேசிக்காய்த் தண்ணியோ நல்லம். இரத்தம் வத்தின உடம்போட பிள்ளை பெறப் போறவளுக்கு, மற்றவள் தாங்குற இழப்பையே தாங்கேலாது. தீவில இரத்தவங்கி இல்லை. அதால நான் இதைச் சின்ன விசயமாய்ப் பாக்கிறேல்ல.

அம்மாவின்ர "குத்து எடுத்தாப் பிறகு" எண்ட கதைக்கு வருவம். ரெண்டாவது பேறு முதல் மாதிரி இழுக்காது. நாலு மணித்தியாலத்தில முடிஞ்சாலும் முடியும். வள்ளம் பிடிச்சு, கரை சேர்ந்து, வாகனம் பிடிக்கவே அந்த நாலு மணித்தியாலம் போயிடும். நேவி உதவி செய்யிறவைதான், மறுக்கேல்ல, இராவிலயும் எத்தினையோ பேரை ஏத்தி விட்டிருக்கினம். ஆனால் காத்துக்கு நேவி, பொதுமக்கள் எண்ட வித்தியாசம் தெரியாது.

தையல்:
நான் மகப்பேற்று வைத்தியர். வடக்கில வேலை செய்தேன், தற்போது வெளிநாட்டில். (2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கிளம்பியவர்களில் ஒருவன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.)

சோளகத்தின் கோபம் நியாயமானது. கணக்கு வேறு. நாலாயிரம் பேருள்ள தீவில் வருடத்துக்கு ஐம்பது அறுபது பிரசவம் இருக்கும். மூன்றில் ஒன்று சிசேரியன் என்று வைத்தாலும் இருபது. மாதத்துக்கு இரண்டு கூட வராது. அதற்கு ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், ஒரு மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் தாதியர், இரத்தவங்கி, குழந்தைக்கு ஒரு வைத்தியர், இருபத்துநாலு மணிநேரமும் மின்சாரம். தீவின் மின்சாரம் டீசல் ஜெனரேற்றரில் வருவது உங்களுக்குத் தெரியும். மாதத்துக்கு இரண்டு முறை கத்தி பிடிக்கும் சேர்ஜனிடம் என் தங்கச்சியை நான் விடமாட்டேன். கை மறந்துவிடும். ஆளில்லாத தியேட்டர் பூட்டிக் கிடக்கும். திறப்பு விழாப் படம் மட்டும் சங்கத்தின் சுவரில் தொங்கும்.

இலங்கையில் தாய் மரணம் குறைந்த கதையைப் பாருங்கள். 1930களில் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இரண்டாயிரம் தாய்மார் இறந்தார்கள். இன்று முப்பதைச் சுற்றி நிற்கிறது. அதை ஊருக்கு ஊர் தியேட்டர் கட்டிச் சாதிக்கவில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவிச்சியை வீட்டு வாசலுக்கு அனுப்பினார்கள். சிக்கல் வரும் என்று அவர் சொன்னால் ஏற்றுக்கொள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் இலவசமாக இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கடல் கிடப்பதுதான் தீவின் பிரச்சினை. ஆகவே சங்கத்தின் காசு அந்தக் கடலுக்குப் போகட்டும்.

சோளகம்:
டொக்டர் ஐயா, வெளிநாட்டில இருந்துகொண்டு "கணக்கு வராது" எண்டு சொல்லுறது சுகம். இதே கணக்கைச் சொல்லித்தான் பாலமும் வரேல்ல, பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ரீச்சரும் வரேல்ல. சனம் குறைவு எண்டு வசதி தரமாட்டியள், வசதி இல்லையெண்டு சனம் வெளிக்கிடுது. பிறகு "பாருங்கோ, சனம் இன்னும் குறைஞ்சிட்டுது" எண்டுவியள். என்ர பிள்ளையின்ர பிறப்புப் பத்திரத்தில நெடுந்தீவு எண்டு வராது. அது உங்களுக்குக் கணக்கில்ல, எனக்குக் கணக்கு.

தையல்:
கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

முகவை மல்லிகா:
நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். நான் ராமநாதபுரம் பக்கம். ஏழு வருஷம் மாலத்தீவுல ஒரு அட்டால் (தீவுக்கூட்டம்) ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன். நம்ம ஊர்ப் பொண்ணுங்க நிறைய பேர் அங்க இருக்காங்க. ஜனங்க குடியிருக்கிற தீவே நூத்தி எண்பதுக்கு மேல, எல்லாத்துலயும் ஒரு ஹெல்த் சென்டர். பணத்துக்கும் குறைச்சல் இல்ல.

எங்க ஆஸ்பத்திரில தியேட்டர் இருந்துச்சு, நல்ல தியேட்டர். மயக்க டாக்டர் ஒரே ஒருத்தர். அவர் லீவுல ஊருக்குப் போனா ஒரு மாசம் தியேட்டர் பூட்டு. இது எல்லாருக்கும் தெரியும்கிறதால, டாக்டர் இருந்த மாசத்துலகூட முக்காவாசி கர்ப்பிணிங்க எட்டாம் மாசம் முடிஞ்சதும் தலைநகர் மாலேக்குக் கெளம்பிடுவாங்க. அங்க வாடகை கழுத்தை அறுக்கும். ஒரு ரூம்ல ரெண்டு குடும்பம் தங்கி பிள்ளை பெத்துட்டு வருவாங்க. புருஷன் மீன்பிடியை விட்டுட்டுக் கூட இருக்கணும், இல்லன்னா அவ தனியா இருக்கணும். எனக்கு மனசுல நின்னது அந்த வாடகைதான்.

தமிழ்நாட்டுல மலைப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் சிலதுல பிரசவக் காத்திருப்பு அறைன்னு வெச்சிருக்காங்க. தேதிக்கு முன்னாடியே வந்து தங்கிக்கலாம், சாப்பாடு உண்டு, கூட ஒரு ஆள் இருக்கலாம். கியூபாவுல 1962லயே இந்த மாதிரி வீடு ஆரம்பிச்சதா படிச்சிருக்கேன். அண்ணா, உங்க சங்கம் தியேட்டர் காசுல யாழ்ப்பாணத்துல ஆஸ்பத்திரி பக்கமா ரெண்டு ரூம் வாடகைக்குப் பிடிச்சா எத்தனை வருஷம் ஓடும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

கட்டைக்குதிரை:
மல்லிகா அக்கா சொன்னது சரிதான். எண்டாலும் "நேரத்தோட வந்து தங்கு" எண்டு சொன்னவுடன எல்லாரும் வருவினம் எண்டில்ல. எங்கட அம்மாவின்ர கதை. 1985 வைகாசி 15 தீவுக்கு ஓடுற குமுதினிப் படகில நடந்த படுகொலை எங்கட ஊராக்கள் எல்லாருக்கும் தெரியும், விபரிக்கத் தேவையில்லை. அம்மா அப்ப ஆறு மாசம். அதுக்குப் பிறகு வள்ளத்தில கால் வைக்கமாட்டன் எண்டு நிண்டிட்டா. ஆவணியில என்னை வீட்டிலதான் பெத்தவ, அப்பம்மா தான் பாத்தது. குழந்தை வந்த பிறகு மாசு (நஞ்சுக்கொடி) வரேல்லயாம். விடிய மட்டும் இரத்தம் போனது. தப்பினது கடவுள் செயல் எண்டுவா. இண்டைக்கும் அவவுக்கு யாழ்ப்பாணம் போறதெண்டால் முதல் நாள் சாப்பாடு இறங்காது. எங்கட பொம்பிளையளுக்கு அந்தக் கடல் வெறும் தூரமில்லை. அதையும் யோசியுங்கோ.

கிளினிக் அக்கா:
கட்டைக்குதிரை, அம்மாவுக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ. நச்சு இறங்காமல் நிண்ட பேறுகள் நானும் பாத்திருக்கிறன். (உங்கட பக்கம் மாசு எண்டுவியள், நாங்கள் நச்சு எண்டுறது.)

தங்க அறை இருந்தும் பெண்கள் ஏன் வரமாட்டினம் எண்டு கேட்டால் பயம் ஒரு பக்கம். நான் கூடக் கண்டது வேற. மூத்த பிள்ளையை ஆர் பாக்கிறது? ஆடு மாட்டுக்குத் தண்ணி ஆர் வைக்கிறது? ஒரு மாசம் ஆற்றயோ வீட்டில இருந்து, அவையின்ர கோப்பையில தேத்தண்ணி குடிச்சு, எத்தினை மணிக்குக் குளிக்கலாம் எண்டு பாத்துப் பாத்து இருக்கவேணும். ஒரு பிள்ளை எனக்குச் சொன்னது: "மிஸ், மாமி வீட்டில ஒண்டும் சொல்லமாட்டினம். ஆனால் நான் சோறு போடேக்க சட்டியைப் பாப்பினம்." அந்தப் பிள்ளை 38ஆம் கிழமையில திரும்ப வள்ளமேறித் தீவுக்கு வந்திட்டுது.

இன்னொண்டு, இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல. பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள்ள மருத்துவிச்சி ரெண்டு தரமாவது வீட்டுக்குப் போகோணும். தீவுப் பெண் பெரியாஸ்பத்திரியில பெத்து, துண்டு வெட்டி (ஆஸ்பத்திரியால வீட்டை விட்டு), யாழ்ப்பாணத்தில கொக்குவிலிலயோ கொட்டடியிலயோ சொந்தக்காரர் வீட்டில முப்பத்தொராம் நாள் முடியுமட்டும் இருப்பா. அவவின்ர பெயர் தீவு மிஸ்ஸின்ர (மருத்துவிச்சியின்ர) பதிவில. ஆள் கொக்குவில் மிஸ்ஸின்ர ஏரியாவில. தீவு மிஸ் "அவ அங்க" எண்டு இருப்பா, கொக்குவில் மிஸ்ஸுக்கு அப்பிடி ஒரு ஆள் வந்ததே தெரியாது. காய்ச்சல், பிரஷர், இரத்தம் போறது எல்லாம் அந்தப் பத்து நாளிலதான் வரும். அந்த நேரம் அவவைப் பாக்கிறது சரக்குக்கறி சமைக்கிற மாமி மட்டும்தான். போன உடன அந்த ஏரியா மிஸ்ஸின்ர நம்பரை எடுத்து, "நான் இங்க இருக்கிறன்" எண்டு சொன்னால் அவ கட்டாயம் வருவா. சொல்லோணும்.

பெயர் வேண்டாம்:
நான் தீவில இருக்கிற ஒரு பெண். எல்லாரும் பிள்ளை பெறுறதைப் பற்றியே எழுதுறீங்கள். பிள்ளை வேண்டாம் எண்டு நினைக்கிறவள் என்ன செய்யிறது? எனக்கு ரெண்டு போதும். ஊசி போடுறனான், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. போன வருசம் ஊசி நாள் வந்த கிழமை காய்ச்சலில கிடந்தன், தவறிப்போச்சு. கிளினிக் வாசலில நிண்டாலே ஆர் என்னத்துக்கு வந்தவை எண்டு பின்னேரத்துக்குள்ள ஊர் முழுக்கத் தெரியும். அதால கேக்க வேண்டியதையும் கேக்கிறேல்ல.

கிளினிக் அக்கா:
தங்கச்சி, எழுதினதுக்கு நன்றி. அடிக்கடி போகத் தேவையில்லாத முறைதான் தீவுக்குப் பொருந்தும். கையில தோலுக்குக் கீழ வைக்கிற ஜடெல் கருத்தடைக் குச்சி அஞ்சு வருசம், கர்ப்பப்பையில வைக்கிற செப்பு லூப் பத்து வருசம். நீங்கள் யாழ்ப்பாணம் வாற ஒரு நாளில எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) கிளினிக்கிலயும் கேக்கலாம், உங்கட ஏரியாவிலதான் போடவேணும் எண்டில்லை. விரும்பாட்டி எடுக்கவும் அவையிட்டயே கேக்கலாம். கர்ப்பமாய் இருக்கேக்கயே கதைச்சு முடிவெடுத்தால், பிள்ளை பிறந்த 48 மணித்தியாலத்துக்குள்ள ஆஸ்பத்திரியிலயே லூப் வைச்சுக்கொண்டு வரலாம். வலியில கிடக்கிறவளிட்டக் கேட்டுக் கையெழுத்து வாங்கிற வேலை கூடாது, முதலே கதைக்கோணும்.

வயசு 35 எண்டால் அதே நாளில நல்வாழ்வு மகளிர் கிளினிக்கில கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையும் செய்யுங்கோ. இலவசம். மகள் இருந்தால் ஆறாம் வகுப்பில அதே புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி ரெண்டும் போட்டதோ எண்டு பாருங்கோ. 2017இல இருந்து பள்ளிக்கூடத்திலயே போடினம். கடல் கெட்டு ஊசி போடுற அணி வராத நாளில தவறியிருந்தால் கேட்டுப் போடலாம்.

பெருக்கமரம்:
கனக்க விசயம் தெரியாமல் இருந்திருக்கிறன். தையல் ஐயா, "காசு கடலுக்குப் போகட்டும்" எண்டீங்கள். என்ன வாங்கிறது? படகு அம்புலன்ஸோ?

தையல்:
படகு வாங்கிக் குடுக்க எல்லோருக்கும் ஆசை. படகுக்கு ஓட்டி வேண்டும், டீசல் வேண்டும், எஞ்சின் பழுதானால் திருத்த ஆள் வேண்டும். மூன்றாம் வருடம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். சங்கம் வருடா வருடம் ஓட்டுச் செலவு தருமானால் வாங்குங்கள். இல்லையென்றால் இருக்கிற வள்ளங்களில் ஒன்றுக்கு நல்ல ஸ்ட்ரெச்சர், மழை படாத மறைப்பு, ஒட்சிசன் சிலிண்டரைக் கட்ட இடம், இவை போதும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்துவிட்டது. அது ரோட்டில் ஓடுவது. வள்ளம் நெடுந்தீவின் மாவிலித்துறையை விட்டு வெளிக்கிடும்போதே அவர்களுக்கு அழைப்புப் போய், குறிகட்டுவானில் காத்து நிற்க வேண்டும். நான் பார்த்த ஒரு கேஸில் வள்ளம் கரை சேர்ந்த பிறகுதான் போன் எடுத்தார்கள். முக்கால் மணிநேரம் ஜெட்டியில் நின்றோம். அந்தத் தாய் பிழைத்தார், ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது.

மருந்துகள் அரசு தர வேண்டியவை, சங்கம் வாங்கத் தேவையில்லை. தீவு ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்பதே ஒரு வேலைதான். பிரசவத்துக்குப் பின் இரத்தம் போனால் ஒக்சிரோசின். அது 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய மருந்து, பிரிட்ஜ் நின்றால் அதுவும் வலுவிழக்கும். வெப்பத்தைத் தாங்கும் கார்பெரோசின் இப்போது உண்டு. 2018இல் ஏறக்குறைய முப்பதாயிரம் பெண்களில் பரிசோதித்து, இரத்தப்போக்கைத் தடுப்பதில் ஒக்சிரோசினுக்குக் குறைந்ததல்ல என்று கண்டார்கள். டிரானெக்சாமிக் அமிலம் மூன்று மணிநேரத்துக்குள் குடுத்தால் இரத்தப்போக்கு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பெரியாஸ்பத்திரி போய்க் குடுப்போம் என்று வைத்திருந்தால் அந்த மூன்று மணிநேரம் கடலிலேயே கரையும். பிரஷர் ஏறி வலிப்பு வரப்போகிறவருக்கு மக்னீசியம் சல்பேற். முதல் டோஸைத் தீவிலேயே குடுத்துவிட்டுத்தான் வள்ளத்தில் ஏற்ற வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஒரு பிளாஸ்ரிக் விரிப்பு. தாயின் அடியில் போட்டால் போன இரத்தம் ஒரு பையில் சேரும், பையில் மில்லிலீற்றர்க் கோடு இருக்கும். கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் எப்போதும் பாதிதான் சொல்வோம், நானும் அப்படித்தான். 2023இல் நாலு ஆபிரிக்க நாடுகளில் இந்த விரிப்பைப் போட்டு அளந்து, அளவு தாண்டிய உடனே எல்லாச் சிகிச்சையையும் சேர்த்துத் தொடங்கினார்கள். கடும் இரத்தப்போக்கும் அதனால் வந்த பெரிய ஆபத்துகளும் அறுபது வீதம் குறைந்தன. தியேட்டர் விலையில் எத்தனை ஆயிரம் விரிப்பு வாங்கலாம்!

சோளகம்:
சரி, தியேட்டரை விடுறன். ஆனால் காத்திருப்பு அறை எண்டு சொல்லி, தீவு ஆஸ்பத்திரியில இருக்கிற லேபர் அறையையும் மூடிப்போடாதேங்கோ. எல்லாரையும் அனுப்பி அனுப்பி, கடைசியில தவறி வாற ஒருத்திக்குப் பேறு பாக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் தீவில மிஞ்சமாட்டினம்.

கிளினிக் அக்கா:
இந்த இழையில இதுவரைக்கும் வந்ததில இதுதான் முக்கியமான பேச்சு. அங்க இருக்கிற மிஸ்மாரும் நேர்ஸ்மாரும் வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு கிழமை பெரியாஸ்பத்திரி லேபர் றூமில நிண்டு கை பழகோணும். அதுக்கு அவையின்ர தங்குமிடச் செலவு, பதிலாள் போக்குவரத்துச் செலவைச் சங்கம் குடுக்கலாமோ எண்டு பிராந்தியச் சுகாதாரப் பணிமனையிட்டக் கேளுங்கோ. படம் எடுத்துப் போட ஒண்டும் இராது, அதுதான் சிக்கல்.

பெருக்கமரம்:
சங்கக் கூட்டம் போன ஞாயிறு. மூண்டு மணித்தியாலம் சண்டை. ஆஸ்பத்திரியில இருந்து நடக்கிற தூரத்தில ரெண்டு அறை, குசினியோட, ஒரு வருசத்துக்கு எடுக்கிறதெண்டு முடிவு. மூத்த பிள்ளையும் அம்மாவோட தங்கலாம். கோபுரக்காரர் இன்னும் முகம் குடுக்கேல்ல. மச்சாளின்ர ஈமோகுளோபின் 9.8. தேத்தண்ணியோடதான் போட்டிருக்கிறா.

பெருக்கமரம்:
உறவுகளுக்கு அறியத்தருகிறன். பெட்டைக்குட்டி, 2.9 கிலோ. மச்சாள் மூண்டு கிழமை முதலே அறைக்கு வந்திட்டா, ஈமோகுளோபின் 10.7க்கு ஏறியிருந்தது. கடைசியில சிசேரியன்தான், பிள்ளையின்ர இதயத்துடிப்பு இறங்கினதாம். அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்ததாம், குமுதினி நேரத்துக்கு ஓடினதாம். அம்மா இப்ப சொல்லுறா, "இந்தக் கடலுக்கோ மூண்டு கிழமை என்னை இங்க இருத்தி வைச்சனீங்கள், அங்க என்ர ரெண்டு ஆடு செத்துப்போச்சு" எண்டு.

கிளினிக் அக்கா:
சந்தோசம் தம்பி. ஆட்டுக்கு நான் பதில் சொல்லேலாது. துண்டு வெட்டி எத்தினை நாள்? அந்த ஏரியா மிஸ் வந்து பாத்தவவோ? தையல் போட்ட இடம், பிரஷர்?

பெருக்கமரம்:
நாலு நாள். இன்னும் ஒருத்தரும் வரேல்ல அக்கா. நம்பர் எடுக்க மறந்துபோனம். இப்ப அங்க விடியுது, தம்பியை எழுப்புறன்.